காணா நெருப்பைத் தேடி



யாழ்ப்பாண நகரை நீங்கிப் பண்ணைப் பாலத்தில் ஏறுகிறோம். இருமருங்கும் ஆழங்குறைந்த கடல். மீன் பிடிப்பதற்காக நாட்டப்பட்ட தடிகள் நீரின்மேல் வரிசையாகத் தலைநீட்டி நிற்கின்றன. தீவுகளை நோக்கிச் செல்லும் அவ்வீதியிலிருந்து இடப்புறமாகப் பிரியும் கிளைவீதி நம்மை மண்டைதீவுக்கு இட்டுச் செல்கிறது. அவ்வழியே நாள்தோறும் பலரும் போய்வருகின்றனர். மீனைச் சந்தைக்குக் கொண்டுசெல்வோர் உளர்; பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் உளர்; வீட்டுக்கு வீடு நின்று பழைய இரும்பு வாங்குவோரும் உளர். இந்தப் பழைய இரும்பு வியாபாரியையே இன்றைய பேச்சின் கதாநாயகராகக் கொள்ள விரும்புகிறேன்.

1990ஆம் ஆண்டு யுத்தத்தின் காரணமாக இத்தீவை விட்டகன்ற குடும்பங்கள் பல. ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்கள் தம் வளவுகளைத் துப்புரவாக்கும்போது துருப்பிடித்த பொருள்கள் எத்தனையோ அகப்படும். அவற்றை நிறுத்து, விலை கொடுத்து, ஏற்றிச் செல்பவர் நம் வியாபாரி. ஊர் ஊராகச் சேர்ந்த இரும்பு ஓரிடத்திலே ஒரே குவியலாகின்றது. அக்குவியலில் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதை அவரும் அறியார். அதை வாங்கி உருக்குபவரும் அறியார்.

அக்குவியலிலே கதிரியக்கமுள்ள துண்டொன்று கலந்திருக்குமாயின் யாது நேரும்? வண்டி குலுங்கும்போது அது வீதியோரத்தில் விழுந்துவிட்டால் அதனை யார் அறிவார்? அதற்கு மணமில்லை, ஒலியில்லை, தொட்டால் சுடுவதுமில்லை. மண்டைதீவில் அப்படியொன்று நிகழ்ந்ததென்று நான் கூறவில்லை. அச்சமூட்டுவதும் என் நோக்கமன்று. நிகழுமாயின் அதனை எவ்வாறு கண்டறிவது, அதற்கு முன்னரே நாம் செய்துகொள்ள வேண்டியது யாது என்பவையே இன்று நம்முன் உள்ள கேள்விகள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கதிரியக்கம் என்பது ஏதோ அந்நிய நாட்டு ஆய்வுகூடங்களில் மட்டும் உள்ள பொருளன்று. மண்ணிலும் கல்லிலும், நாம் உண்ணும் வாழைப்பழத்திலும், நம் உடம்பிலுங்கூட அது சிறிதளவு உண்டு. இயற்கையாக ஒரு மனிதன் பெறும் கதிர்வீச்சு, உலகச் சராசரியாக ஆண்டொன்றுக்கு 2.4 மில்லிசீவேட் என்பர். இரவிலே கடலுக்குச் செல்லும் தொழிலாளர் முன்னாளில் ஏற்றிச்சென்ற பெற்றோமக்ஸ் விளக்கை நினைத்துப் பாருங்கள். அத்தகைய விளக்குகளின் மாண்டில் வெண்ணொளி வீசியதற்குக் காரணம் தோரியம் என்னும் கதிரியக்க மூலகமே.

அந்தத் தோரியம் கிடைத்த இடங்களுள் ஒன்று தமிழ்நாட்டின் தென்கோடியிலுள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை. அப்பகுதியிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிச்சென்ற மணலைக் கண்டு, 1909ஆம் ஆண்டில் சோம்பேர்க் என்ற ஜேர்மானிய இரசாயனவியலார் அதன் பெருமையை அறிந்தார். நம் இலங்கைக்கும் இதில் ஒரு பங்குண்டு. கலைத்துறையில் உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி, தம் இளமையிலே இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்தவர். அவர் பணியாற்றிய காலத்தில், 1904ஆம் ஆண்டில், சப்பிரகமுவப் பகுதியிற் கிடைத்த தோரியனைற்று என்னும் கனிப்பொருள் உலகுக்கு அறிமுகமாயிற்று. அக்கனிப்பொருளிலிருந்து பிரித்தெடுத்த உப்பினை இலண்டனில் ஆராய்ந்தே ஒட்டோ ஹான் என்னும் அறிஞர் 1905ஆம் ஆண்டில் புதியதொரு கதிரியக்கப் பொருளைக் கண்டறிந்தார்.

இவற்றையெல்லாம் ஏன் கூறுகிறேன் என்றால், கதிர்மானியை எங்கே வைத்தாலும் அது சிறிதளவு ஒலிக்கத்தான் செய்யும். மோனசைற்று மணலுள்ள கரையிலே அது மிகுதியாக ஒலிக்கும். சுண்ணாம்புக்கல் நிறைந்த யாழ்ப்பாண நிலத்திலே பெரும்பாலும் குறைவாக ஒலிக்கும். ஆதலால் ஒரு கருவி ஒலித்தது என்பதனாலேயே ஆபத்து வந்துவிட்டதென்று கொள்ளலாகாது. இயல்பாக எவ்வளவு ஒலிக்கும் என்பதை அறிந்தவனுக்கே, இயல்புக்கு மாறாக ஒலிப்பது இன்னதென்று விளங்கும்.

இனி, மனிதன் செய்து, பயன்படுத்தி, பின்னர் மறந்துவிட்ட பொருளின் கதைக்கு வருவோம். டில்லிப் பல்கலைக்கழகத்தில், கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்ட ஆராய்ச்சி இயந்திரம் ஒன்று நெடுங்காலம் பயன்பாடின்றிக் கிடந்தது. 2010ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அது பழைய இரும்போடு இரும்பாக ஏலத்தில் விற்கப்பட்டது. அதனை வாங்கியவர்கள் மாயாபுரி என்னுமிடத்துப் பழைய இரும்புச் சந்தைக்குக் கொண்டுசென்று உடைத்தார்கள். உள்ளே இருந்த ஈயக்கவசம் விலைபோகும் பொருள் என்று அகற்றினார்கள். அந்த ஈயமே தம் உயிரைக் காத்துநின்ற சுவர் என்பதை அவர்கள் அறிந்திலர். கவசத்தினுள் இருந்த பொருள் துண்டு துண்டாகக் கடைகளுக்குச் சென்றது. ஒரு துண்டு ஒருவருடைய பணப்பையிலும் இடம்பெற்றது. ஏப்ரல் மாதத்தில், நோயுற்று மருத்துவமனைக்கு வந்தவர்களைக் கண்டு மருத்துவர்கள் ஐயுற்ற பின்னரே உண்மை வெளிப்பட்டது. ஒருவர் உயிரிழந்தார், வேறு பலர் கடுமையாக நோயுற்றனர். அணுசக்தித் துறையினர் கதிர்மானிகளோடு கடை கடையாக, சந்து சந்தாகத் தேடித் துண்டுகளை மீட்டார்கள்.

கோபால்ட்-60இன் வீரியம் ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நாற்பது ஆண்டு கிடந்த பொருளில் எஞ்சியிருப்பது தொடக்கத்தில் இருந்ததன் இருநூற்றில் ஒரு பங்களவே. அந்த எச்சமே ஓர் உயிரைக் குடித்தது. பழையது என்பதனால் ஆறிவிட்டது என்று கொள்ளுதல் தவறு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இதற்கு முன்னரும் உலகம் இப்பாடத்தைக் கண்டதுண்டு. பிறேசில் நாட்டின் கொயானியா நகரிலே, கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றிலிருந்து 1987ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இருவர் ஒரு கருவியைப் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்புக் கடைக்கு விற்றார்கள். அதனுள்ளே இருந்த சீசியம்-137 என்னும் தூள் இருளிலே நீலநிறமாக ஒளிர்ந்தது. அதன் அழகில் மயங்கிய மக்கள் அதனை உற்றார் உறவினருக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்தார்கள். நால்வர் மாண்டனர். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் 249 பேரிடம் தூளின் மாசு காணப்பட்டது.

அந்நகரத்து அதிகாரிகளை வாட்டிய கேள்வி வேறொன்று. தூள் கால்களில் ஒட்டியும் வண்டிச் சில்லுகளில் ஒட்டியும் எங்கெங்கே சென்றதோ? வீடு வீடாகக் கையிற் கருவியுடன் நடந்தால் எத்தனை மாதம் செல்லும்? அங்கேதான் வண்டியிற் பொருத்திய கதிர்மானி பயன்பட்டது. வானிலிருந்து ஹெலிகொப்டர் மூலம் நகரை அளந்ததோடு, கதிர்மானி பூட்டிய மோட்டார் வண்டிகள் 2000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வீதிகளிலே ஓடி அளந்தன. இவ்வாறு பல தெருக்களின் மக்கள், 'நம் தெருவில் ஒன்றுமில்லை' என்று உறுதியாக அறிந்து உறங்க முடிந்தது.

அவ்வண்டி எவ்வாறு வேலை செய்கிறது? சோடியம் அயடைட்டு என்னும் உப்பினாலாய பெரிய பளிங்கு ஒன்று அதனுள் வைக்கப்பட்டிருக்கும். காமாக் கதிர் அப்பளிங்கில் படும்போதெல்லாம் மின்மினி போல் ஓர் ஒளி தோன்றி மறையும். அவ்வொளியை மின்கருவி எண்ணுகிறது. எண்ணுவதோடு நில்லாமல், ஒளியின் அளவைக் கொண்டு கதிரின் ஆற்றலையும் மதிப்பிடுகிறது. ஒவ்வொரு கதிரியக்கப் பொருளின் கதிருக்கும் தனித்தனி ஆற்றல் உண்டு. நாதசுர ஓசையையும் தவிலோசையையும் செவி பிரித்தறிவது போல, இது மண்ணின் பொற்றாசியம், இது மணலின் தோரியம், இது மனிதன் கொணர்ந்த சீசியம் என்று கருவி பிரித்தறியும். வண்டி நிற்குமிடத்தைச் செய்மதியின் துணையால் வினாடிக்கு வினாடி குறித்துக்கொண்டால், வீதி முழுவதற்கும் ஒரு படம் கிடைத்துவிடுகிறது.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி வினாடிக்கு 10 மீற்றர் கடக்கும். அதனினும் விரைந்தால், சிறிய பொருளின் கதிரைப் பளிங்கு எண்ணுவதற்குள் வண்டி அப்பாற் போய்விடக்கூடும். தூரம் இருமடங்கானால், ஒரு சிறு துண்டிலிருந்து வரும் கதிர் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மழை பெய்தால், காற்றிலுள்ள இயற்கைக் கதிரியக்கத் துகள்கள் நிலத்தில் இறங்கிச் சிறிது நேரம் எண்ணிக்கையைக் கூட்டும். ஈயப் பெட்டிக்குள் மூடிக் கிடப்பதையும், கிணற்று நீரின் ஆழத்தில் கிடப்பதையும் வீதியிற் செல்லும் வண்டி காணாது. வண்டி ஐயத்தை எழுப்பும். அதன்பின் கையிற் கருவியுடன் இறங்கி நடப்பவரே ஐயத்தைத் தீர்ப்பார்.

இக்கருவியின் திறமைக்கு அண்மைக்காலச் சான்று ஒன்றைக் கேளுங்கள். 2023ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மேற்கு அவுஸ்திரேலியாவிலே சுரங்கமொன்றிலிருந்து பேர்த் நகர் நோக்கி வந்த அளவுக் கருவியிலிருந்து சீசியம் அடங்கிய சிறு குப்பியொன்று வழியில் விழுந்துவிட்டது. அதன் நீளம் 8 மில்லிமீற்றர். அகலம் 6 மில்லிமீற்றர். நம்மூர்ப் புளியங்கொட்டையிலும் சிறியது. விழுந்த வீதியோ 1400 கிலோமீற்றர் நீளம். பெப்ரவரி முதலாந் திகதி, மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்திற் சென்ற தேடுதல் வண்டியின் கருவி குரல் கொடுத்தது. வீதியிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி அக்குப்பி கிடந்தது. வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவது வீண்வேலை என்பார்கள். ஊசி தானே குரல் கொடுக்குமாயின், கேட்கும் செவியுடையவனுக்கு அது வீண்வேலையன்று.

யப்பான் நாட்டிலிருந்தும் நாம் கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. 2011ஆம் ஆண்டு ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தின் பின்னர், கியோத்தோப் பல்கலைக்கழகத்தார் வண்டியிற் பொருத்தும் சிறிய அளவீட்டுக் கருவியொன்றை உருவாக்கினார்கள். அதற்கென்று தனி வண்டிகளை மாத்திரம் நம்பியிராமல், மக்கள் ஏறியிறங்கும் சாதாரண பஸ் வண்டிகளிலும் அதனைப் பொருத்தினார்கள். பஸ் தன் வழியே ஓடிற்று. கருவி தன் வேலையைச் செய்தது. நாள்தோறும் ஒரே வீதியை அளந்தமையால், எங்கே மாசு குறைகிறது, எங்கே தங்கி நிற்கிறது என்பது விளங்கலாயிற்று.

நேயர்களே, இவற்றிலிருந்து நம் தீவுகளுக்கு உரியது யாது? ஆபத்து வந்தபின் அளப்பவனுக்கு, முன்பு எவ்வளவு இருந்தது என்பது தெரியாது. ஆதலால் ஒன்றுமில்லாத இக்காலத்திலேயே ஒருமுறை அளந்து எழுதிவைத்தல் வேண்டும். பண்ணையிலிருந்து மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை வரையுள்ள வீதிகளின் இயல்பான அளவு ஏட்டிலே இருக்குமாயின், நாளை ஐயம் எழும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. நம் நாட்டில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் அணுசக்தி அதிகாரசபை அமைந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பணியை இரண்டாகப் பிரித்து, இலங்கை அணுசக்திச் சபையையும், ஒழுங்குபடுத்தல் பேரவையையும் ஏற்படுத்தியது. அளப்பதற்கும் கண்காணிப்பதற்கும் உரியவர்கள் இவர்களே. கேட்க வேண்டியவர்கள் நாம்.

நம் பழைய இரும்பு வியாபாரிக்கும், அவருக்கு இரும்பு விற்கும் இல்லத்தாருக்கும் சிலவற்றைக் கூறி அமைகிறேன். மஞ்சள் நிறத்தில் கறுப்பு மூவிதழ் பொறித்த அடையாளம் உள்ள பொருளைக் கண்டால் அதனைத் தொடாதீர்கள். சிவப்பு முக்கோணத்தில் அம்மூவிதழும், மண்டையோடும், ஓடும் மனிதனும் வரைந்திருக்கும் அடையாளம் 2007ஆம் ஆண்டில் வந்தது. எழுத்தறியாதவருக்கும் 'ஓடிவிடு' என்று அது சொல்லும். சிறிய உருவத்துக்குப் பொருந்தாத கனமுடைய உலோகப் பெட்டியைக் கண்டால், உள்ளே ஈயம் இருக்கலாம் என்று ஐயுறுங்கள், உடைக்காதீர்கள். விலகி நில்லுங்கள், பிறரையும் விலக்குங்கள், பொலிசாருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். சில நூறு ரூபாய் இரும்பினால் வருவது. உயிரோ எவ்விலைக்கும் வாராதது.

வடக்கில் வாழும் நமக்குத் தேடுதல் என்பது புதிய சொல்லன்று. புதைந்து கிடந்த கண்ணிவெடிகளை அடியடியாகத் தேடி அகற்றிய நிலத்திலேயே நாம் இன்று பயிர் செய்கிறோம். ஓர் அடி நிலத்தில் ஒன்றுமில்லை என்று அறிவதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்பதையும், அறிந்தபின் பிள்ளைகளை அங்கே ஓடவிடும் நிம்மதி எத்தகையது என்பதையும் நாம் அறிவோம். 'ஒன்றுமில்லை' என்று அளவாமற் சொல்வது வெறும் ஆறுதல். அளந்து சொல்வது உறுதி. பண்ணைப் பாலத்தின்மேல் நாள்தோறும் ஓடும் பஸ் வண்டியொன்று அந்த உறுதியையும் ஒருநாள் சுமந்துவருமாயின், அதில் ஏறுவோர் எவரும் அதனை உணரார். உணராமல் வாழ முடிவதே அதன் பயன்.