லெசோத்தோ மலைகளில் நடப்போர்க்கு

நாற்புறமும் தென்னாபிரிக்காவினாற் சூழப்பட்டுக் கிடக்கும் ஒரு சிறு நாடு லெசோத்தோ. பசுத்தோலாந்து என்னும் பெயருடன் பிரித்தானியர் ஆட்சியின் கீழ் இருந்து, 1966 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆந் திகதி சுதந்திரம் பெற்ற நாடு அது. தாழ்நிலம் என்று அந்நாட்டு மக்கள் சொல்லும் பகுதிகூடக் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றருக்கு மேலேயே இருக்கின்றது. அங்குள்ள தபானா இன்ட்லென்யானா என்ற சிகரம் 3,482 மீற்றர் உயரமுடையது. தென்னாபிரிக்கப் பிரதேசம் முழுவதிலும் அதனை விஞ்சிய மலை இல்லை. ஆயினும் அப்பெயரின் பொருள் 'அழகிய சின்ன மலை' என்பதாம்!

இந்நாட்டில் நடைப்பயணம் செய்ய விரும்பும் ஒருவர், படத்தை விரித்துத் தூரத்தை அளந்து, நாளொன்றுக்கு இத்தனை மைல் என்று வகுத்துக்கொள்ளுதல் இயல்பே. பிழை தொடங்கும் இடமும் அதுவே. எதிரெதிரே தோன்றும் இரண்டு கிராமங்களுக்கிடையே ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று கிடக்கலாம். அதில் இறங்கி ஏறுவதற்கு அரைநாள் கழிந்துவிடும். ஆகையால் தூரத்தைக் கொண்டன்று, வானத்தையும் ஆற்றையும் பகற்பொழுதையும் கொண்டே திட்டம் வகுத்தல் வேண்டும்.

பூமியின் தென்பாதியில் இருப்பதனால் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். உயர்ந்த இடங்களில் இரவிலே நீர் உறையும், பனியும் பெய்யும். ஒக்டோபர் முதல் ஏப்ரில் வரை மழைக்காலம். அந்நாட்களில் காலை தெளிவாக இருக்கும். பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். மரமில்லாத மலைமுகட்டில் நிற்பவருக்கு மின்னலிலிருந்து ஒதுங்க இடமேது? விடியலிலே புறப்பட்டு, நண்பகலுக்கு முன்னரே முகட்டைக் கடந்துவிடுதல் நன்று. மழை ஓய்ந்து ஆறுகள் வற்றத் தொடங்கும் ஏப்ரில், மே மாதங்களே நடப்பதற்கு உகந்தவை.

நடைவழிகள் பலவற்றிற் பாலங்கள் இல்லை. மலையில் மழை பெய்தால் ஆறு பெருகும், காத்திருந்தால் வடியும். காத்திருப்பதற்கு ஒரு நாளேனும் கையில் இருக்கவேண்டும். திரும்பும் நாளை இறுக்கமாகக் குறித்துவிட்டவர்தாம் பொறுமையிழந்து வெள்ளத்தில் இறங்கத் துணிவர். உணவுப் பொதியிலும் பார்க்க அந்த வெறும் நாள் முக்கியமானது.

முதன்முறை செல்வோர்க்கு மலேயாலேயாவிலிருந்து செமொன்கொங் வரையுள்ள வழி ஏற்றது. சில நாட் பயணம். உள்ளூர் வழிகாட்டியையும், சுமைக்கு ஒரு மட்டக்குதிரையையும் அமர்த்திக்கொள்ளலாம். செங்குத்தான பாதைகளிலே தடுமாறாது செல்வதிற் பசுத்தோக் குதிரைக்குப் பெரும் பெயர் உண்டு. வழியிலுள்ள கிராமங்களில் வட்டக் குடிசைகள் இராத்தங்கலுக்குக் கிடைக்கும். கூடாரம் அடிப்பதாயின் ஊர்த்தலைவரிடம் அனுமதி கேட்பது மரபு. கேளாது அடிப்பது பிறர் முற்றத்திலே பாய் விரிப்பது போன்றதே. 'துமெலா' என்று வணக்கஞ் சொல்லத் தெரிந்திருந்தால் முகங்கள் மலரும்.

அந்த ஒற்றையடிப் பாதைகள் உல்லாசப் பயணிகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. கம்பளி போர்த்து ஆடுமாடு மேய்க்கும் சிறுவர் பலரை அங்கே காணலாம். ஆரம்பக் கல்வியை 2000 ஆம் ஆண்டு முதல் படிப்படியாக இலவசமாக்கிய நாடு அது. ஆயினும் மேய்ச்சலுக்குச் சென்ற பிள்ளையின் இடம் வகுப்பறையில் வெறுமையாகவே கிடக்கின்றது. பயணிகள் இரக்கத்தினால் இனிப்பும் சில்லறையும் கொடுக்கப்போய், அந்நியரைக் கண்டதும் கைநீட்டும் பழக்கத்தைச் சில ஊர்களில் வளர்த்துவிட்டனர். பெற்ற உதவிக்குப் பெரியவர்களிடம் நியாயமான கூலி கொடுப்பதே தகும்.

செமொன்கொங் என்றால் 'புகையுள்ள இடம்' என்று பொருள். அருகே 192 மீற்றர் ஆழத்துக்கு விழும் மலெட்சுன்யானே நீர்வீழ்ச்சியின் திவலையே அந்தப் புகை.

இனி, புறப்படுமுன் செய்யவேண்டியவை சில. தென்னாபிரிக்காவைக் கடந்தே செல்லவேண்டியிருப்பதால், அந்நாட்டினுள் இருமுறை நுழைவதற்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். தென்னாபிரிக்க ராண்ட் நாணயம் லெசோத்தோவிலும் செல்லும். ஆனால் மலைக்கிராமங்களில் வங்கி இராது. பள்ளத்தாக்குகளிற் கைத்தொலைபேசி ஊமையாகிவிடும். எந்த வழியாகச் சென்று எந்நாள் திரும்புவார் என்பதை, அந்த வெறும் நாளையும் சேர்த்தே, தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுதல் வேண்டும்.