பஞ்சும் சாரலும் சிவப்புப் புள்ளியும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கைத்துப்பாக்கியின் மேல் பொருத்துகிற ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி. ரெட் டாட் சைட் என்பார்கள். அதன் வழியே பார்த்தால் எதிரே ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். முறையாகச் சரிசெய்து வைத்துவிட்டால் புள்ளி நிற்கும் இடத்துக்குக் குண்டு போகும். இதில் திறந்த வகையும் உண்டு, மூடிய வகையும் உண்டு. நம் மண்ணுக்கு மூடியதே ஏற்றது என்பது என் கட்சி. துப்பாக்கிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அந்தக் கண்டிப்பு இருக்கத்தான் வேண்டும். ஆனால் காவலரின் இடுப்பில் இருப்பது நம் வரிப்பணத்தில் வாங்கியது. கடைவீதியில் அவர் குறி ஒரு முழம் பிசகினால், அங்கே நிற்பது நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

சாதாரண பிஸ்டலில் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முனை. இரண்டையும் இலக்கோடு ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண்ணோ ஒரு சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். நாற்பது தாண்டியவர்கள் பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பார்கள் இல்லையா, அதே வெள்ளெழுத்து, பணியில் மூத்த காவலருக்கு அந்த முன்முனையை மங்கலாக்கிவிடுகிறது. சிவப்புப் புள்ளி வெகு தொலைவில் இருப்பதுபோல் தோன்றுவதால் பார்வை இலக்கிலேயே இருக்கலாம்; கண்ணை அங்கும் இங்கும் மாற்ற வேண்டியதில்லை.

எப்படித் தொலைவில் இருப்பதாகத் தோன்றுகிறது? நேயர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இந்தக் கதை நமக்கு வடக்கே உள்ள கொடைக்கானல் மலையைத் தொட்டுச் செல்கிறது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஹோவர்ட் கிரப் என்றொரு தொலைநோக்கிக் கலைஞர் இருந்தார். புனேயில் இருந்த மகாராஜா தக்தசிங்ஜி வானாய்வகத்துக்காக அவருடைய பட்டறை செய்த 20 அங்குலத் தொலைநோக்கி, 1912-இல் அந்த வானாய்வகம் மூடப்பட்டபோது கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. நட்சத்திரம் வெகு தூரத்தில் இருப்பதால் அதன் ஒளிக்கதிர்கள் இணைகோடுகளாக வந்து சேரும் என்பது தொலைநோக்கி செய்கிறவர்களுக்குப் பாலபாடம். கிரப் அதையே திருப்பிப் போட்டார். பக்கத்தில் உள்ள ஒரு குறியின் ஒளியை வில்லையால் இணைகோடுகளாக்கிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பச் செய்தால், அது நட்சத்திரத்தைப்போல எட்டாத் தூரத்தில் தெரியும். தலை சற்று அசைந்தாலும் இலக்கைவிட்டு நகராது. 1900-இல் இதைத் துப்பாக்கிக்கான குறிகாட்டியாக அவர் முன்வைத்தார். வானத்தைப் பார்ப்பதற்காகத் தீட்டிய அறிவு ஆயுதத்துக்குப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அந்த யோசனையின் அழகை மறுக்க மனம் வரவில்லை. 1975-இல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் அதில் எல்இடி விளக்கை வைத்தது. இன்று அந்த விளக்கு ஒரு மணலளவு. எதிரே உள்ள வளைந்த கண்ணாடியின் பூச்சு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பி, மற்ற நிறங்களை உள்ளே விடுகிறது. அதனால்தான் அதன் வழியே பார்க்கும்போது உலகம் லேசாக நீலம் பாய்ந்து தெரிகிறது.

சிக்கலும் அந்த மணலளவு விளக்கில்தான் இருக்கிறது. திறந்த வகையில் விளக்கு வெளியே தெரிய உட்கார்ந்திருக்கும்; முன்னால் ஒரே ஒரு கண்ணாடி. விளக்கின்மேல் ஒரு மழைத்துளி விழுந்தால் புள்ளி சிதறும். ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டினால் புள்ளியே மறையும். பஞ்சைப் பற்றி ராஜபாளையத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நூற்பாலையில் வேலை முடிந்து வருகிறவரின் புருவத்தைப் பார்த்தாலே தெரியும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடங்களிலும் அதே கதை. துப்பாக்கி உறைக்குள்ளும் சட்டைத் துணியிலிருந்து இழை உதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. செண்பகத்தோப்பில் சாரல் பிடித்தால் துளி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. மூடிய வகையில் முன்னும் பின்னும் கண்ணாடி வைத்து, விளக்கையும் ஒளி போகும் வழியையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள். 2019-இல் வந்த எய்ம்பாயிண்ட் ஆக்ரோ, பிஸ்டலுக்கு இந்த வடிவத்தைப் பரவலாக்கியது. எடை ஏறத்தாழ 60 கிராம்.

மூடியதிலும் வெளிக்கண்ணாடி நனையுமே என்பார்கள். நனையும். காட்சி மங்கும், ஆனால் புள்ளி அணையாது. கட்டைவிரலால் துடைத்துவிட்டால் தீர்ந்தது. திறந்த வகையில் துளி தங்குவது விரல் எட்டாத குழிக்குள். பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. ஆக்ரோவின் இரண்டாம் பதிப்புக்கு நிறுவனம் சொல்வது 50,000 மணி நேரம், அதாவது ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல். இருந்தாலும் பழைய இரும்புக் குறியைக் கழற்றாமல் துணைக்கு வைத்திருப்பதே விவேகம். விலையும் பருமனும் கூடுதல் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றது இரும்புக் குறியால்தானே? ஆம். ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் ஒளிக்குறிகாட்டிக்கு அனுமதியே இல்லை. ஆனால் அங்கே விளக்கு வெளிச்சம், அசையாத அட்டை, அளந்து வைத்த 10 மீட்டர். நம் பக்கத்து நிலைமை வேறு. 2023-இல் மேகமலைப் பக்கம் இறங்கிவந்த அரிக்கொம்பன் யானைக்குத் தேனி மாவட்டத்தில் மயக்க ஊசி செலுத்தியது ஜூன் 5 அதிகாலையில். அது வேறு வகைத் துப்பாக்கி; ஆனாலும் அப்படிப்பட்ட இருட்டில் கருத்த இரும்பு முனை எந்த ஆயுதத்திலும் கண்ணுக்குப் பிடிபடாது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து நம் வாசலிலேயே இருக்கிறது. இருட்டும் சாரலும் அங்கே பணியாற்றுகிறவர்களின் அன்றாடம்.

நேரம் நெருங்கிவிட்டது. என் எதிர்பார்ப்பு ஒன்றுதான், நேயர்களே. காவல்துறையோ வனத்துறையோ இந்தக் கருவியை வாங்க முடிவெடுக்கும் நாளில், குளிரூட்டிய அறையில் மேசைமேல் வைத்துப் பார்த்துக் கையெழுத்திடக் கூடாது. ஐப்பசியில் ஒரு நாள் செண்பகத்தோப்புக்கும், மறுநாள் ஒரு நூற்பாலைக்கும் கொண்டுவந்து, உறையிலிருந்து எடுத்துப் பார்க்கட்டும்.