ஏரியும் எல்லையும்

(ராஜகுளத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, உத்தியோகம், விவாக உதவி முதலியவற்றைக் குறித்தே நம் சங்கக் கூட்டங்களிற் பெரும்பாலும் பேசப்பட்டு வருகின்றது. அவை யாவும் வேண்டற்பாலனவே. ஆயினும், பருகும் ஜலமும் சுவாசிக்கும் காற்றும் கெட்டுப்போமாயின், மற்றைய முன்னேற்றங்களை அனுபவிக்கத் தேகம் எங்ஙனம் இடங்கொடுக்கும்?

நமது ஜில்லா ஏரிகளால் வாழ்வது. ஏரியென்பது நீர்த்தேக்கம் மாத்திரமன்று, அஃதோர் அளவுகோலுமாம். வரத்துக்கால் கொணரும் நீரை ஏற்கின்றது. மதகின் வழியே வயலுக்கு அளிக்கின்றது. மிஞ்சியதைக் கலங்கல் வழியே கீழேரிக்கு விடுகின்றது. அதன் அடியிற் கசிந்த நீரே நம் கிணறுகளில் ஊறுகின்றது. மழை தந்த அளவே ஏரி தரும். அவ்வளவை மீறி ஆழ்துளைக் கிணற்றால் ஓயாது உறிஞ்சுவோன், தன் பேரப்பிள்ளைகளின் பங்கை இன்றே செலவிடுகின்றான்.

இவ்வுண்மையை நம் நாட்டு முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய சாசனங்கள் உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்துக் குடவோலை முறையால் வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த விதம் அவற்றிற் கூறப்பட்டுளது. ஏரி வாரியத்தார் அறுவர். பதவிக் காலம் 360 நாள். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலைக்கு உரியனல்லன். அவன் மாத்திரமன்று, சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் முதலிய உறவினரும் விலக்கப்பட்டனர். அச்சபை நிலமுடைய ஒரு வகுப்பாரின் சபையே; அக்குறையை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. உறவு நோக்கிப் பொதுச் சொத்தைக் கெடவிடலாகாது என்னும் கருத்தைக் கைக்கொள்ளுவோமாக.

நாம் செய்வதென்ன? வரத்துக்காலை மறித்து மனை போட்டவன் அயலானாயின் மனுக் கொடுக்கின்றோம். நம்மவனாயின் வாய் மூடுகின்றோம். சிலபோது அவன் பொருட்டுச் சிபார்சும் செய்கின்றோம். சட்டம் இல்லாமலில்லை. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றுதற்கென்றே 2007-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தின் கையைப் பிடித்து நிறுத்துவது இத்தகைய சுற்றத்தாரின் தாட்சணியமேயாம்.

எல்லை மீறுவதன் பயனைப் பாலாறு காட்டுகின்றது. செய்யாறும் வேகவதியும் திருமுக்கூடலில் வந்து கலக்கும் அந்நதியின் மேற்பகுதியில், தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பயிருக்குதவாமற் போயிற்றென்பது உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு. கெடுத்தவரே அதற்குரிய செலவை ஏற்றல் வேண்டுமென அந்நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததும் ஆறு திரும்பிவிடவில்லை. கெடுத்தல் எளிது, மீட்டல் அரிது.

காற்றின் காரியமும் இத்தன்மைத்தே. கல் உடைக்குமிடத்து நுண்தூசி நுரையீரலிற் படிந்தால், அதனை வெளியேற்ற மருந்தில்லை. பிளாஸ்டிக் குப்பையைக் கரையோரங்களிற் கொளுத்தும் புகை, கொளுத்தியவன் வீட்டுக் குழந்தையையும் விட்டுவைப்பதில்லை. புகைக்குச் சாதி தெரியாது, ஜலத்திற்கும் தெரியாது. ஆதலின் இக்காரியத்தை நம் குலத்தார் மாத்திரம் தனித்து நின்று செய்தல் இயலாது. ஊரார் அனைவரோடும் கூடியே செய்தல் வேண்டும்.

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்து கொள்ளுகின்றேன். முதலாவது, ஐப்பசி மழைக்கு முன்னர் அவரவர் நிலத்தை ஒட்டிய கால்வாயை அவரவரே தூர்வாருதல். இரண்டாவது, குப்பையைக் கொளுத்தாமலும் நீர்நிலையிற் கொட்டாமலும் இருத்தல். மூன்றாவதும் முக்கியமானதும் யாதெனில், நீர்நிலையை ஆக்கிரமித்தவன் நம் உறவினனேயாயினும், அவன் பொருட்டுச் சங்கத்தின் பேரால் எவரும் பரிந்து பேசலாகாது. இம்மூன்றாவதனைத் தீர்மானமாகவே நிறைவேற்றித் தருமாறு வேண்டுகின்றேன். சுற்றத்தைக் காப்பதற்கென்றே ஏற்பட்டது சங்கம். ஏரி வற்றிய ஊரிற் சுற்றம் தங்குவதில்லை; பிழைப்பைத் தேடிப் பட்டணம் போய்விடும்.