புண்பட்ட வீரரும் புதுவாழ்வும்



போர்க்களத்தில் மாண்ட வீரனுக்கு நம் முன்னோர் கல் நட்டு வழிபட்டனர். மார்பிலும் முகத்திலும் ஏற்ற காயத்தை 'விழுப்புண்' என்று சொல்லிப் பெருமைப்படுத்தினர். இறந்தவனுக்கு நடுகல் உண்டு. புண்ணுக்குப் புகழ்ச்சொல் உண்டு. ஆனால் புண்பட்டும் உயிர் பிழைத்து ஊர் திரும்பியவன் அதன் பின்னர் என்ன தொழில் செய்தான், எவ்வாறு வாழ்ந்தான் என்பதைப் பழைய பாடல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் காலத்திற்கு உரிய கேள்வி அதுவே. அதைக் குறித்துச் சில கருத்துக்களை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

படையில் சேரும் இளைஞர் பலர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு சேருகின்றனர். 25 வயதில் கண்ணிவெடியால் ஒரு காலை இழந்தவர் முன்னே இன்னும் 40 ஆண்டு வாழ்க்கை காத்து நிற்கிறது. ஓய்வூதியம் அவருக்கு உணவளிக்கும், அது வேண்டுவதே. எனினும் காலையில் எழுந்தவுடன் செல்வதற்கு ஓரிடமும், செய்வதற்கு ஒரு வேலையும், மாலையில் களைத்துத் திரும்பும் மனநிறைவும் ஓய்வூதியத்தால் வருவன அல்ல. படையில் அவருக்கு ஒரு பதவி இருந்தது, தோழர்கள் இருந்தனர், ஒவ்வொரு நாழிகைக்கும் ஒரு கடமை இருந்தது. அவையெல்லாம் ஒரே நாளில் அகன்று விடுகின்றன. ஆகவே அவர் பட்ட காயம் இரண்டு என்று சொல்ல வேண்டும். உடலில் பட்டது ஒன்று. இனி நாம் எதற்கும் பயன்படோம் என்ற எண்ணம் மற்றொன்று. முதற் காயத்தை மருத்துவர் ஆற்றுவார். இரண்டாவதற்கு மருந்து கல்வியும் தொழிலுமே.

இவ்வுண்மையை நம் நாடு நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்தது என்பதற்குச் சான்று புனே நகரில் இருக்கிறது. அந்நகரத்துத் தமிழருக்குக் கட்கி என்னும் பெயர் புதிதன்று. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் கண்டோன்மென்ட் பகுதி அது. முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் பிரான்சிலும் மெசபொத்தேமியாவிலும் போரிட்டனர். அப்போரில் உறுப்பிழந்து திரும்பியவர்களுக்காக 1917ஆம் ஆண்டில் பம்பாயில் குவீன் மேரி தொழிற்பயிற்சிப் பள்ளி தொடங்கப் பெற்றது. பின்னர் அது கட்கிக்கு இடம் மாறியது. தையலும் பின்னலும் இயந்திர வேலையும் கற்பித்த அந்நிலையம் காலத்திற்கு ஏற்பத் தன் பாடங்களை மாற்றிக்கொண்டது. கணிப்பொறியும் அங்கே பாடமாயிற்று. அதே புனேயில் 1944ஆம் ஆண்டில் செயற்கை உறுப்பு மையம் ஏற்பட்டது. தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழ் செயலற்றுப் போன வீரர்களுக்கென 1974இல் கட்கியிலும், 1978இல் பஞ்சாபின் மொகாலியிலும் தனி மறுவாழ்வு இல்லங்கள் எழுந்தன.

செயற்கைக் கால் என்பது கடையில் வாங்கும் செருப்பைப் போன்றதன்று. எஞ்சிய பகுதியின் புண் ஆற வேண்டும். வீக்கம் வற்ற வேண்டும். அளவெடுத்து உறை செய்து பொருத்த வேண்டும். பின்பு இரு பக்கமும் கம்பியைப் பற்றிக்கொண்டு, குழந்தை நடை பழகுவது போல நாள்தோறும் பழக வேண்டும். பல மாதங்கள் நீளும் இக்காலத்தை வீணே கழிய விடலாகாது. நடை பழகும் கால் ஒரு பக்கம் இருக்க, கையும் அறிவும் தொழில் பழகலாம் அன்றோ?

இங்கே ஒரு நெறி உண்டு. 'இவர் எதை இழந்தார்?' என்று கேட்பது மருத்துவரின் கேள்வி. 'இவரிடம் என்ன எஞ்சியிருக்கிறது?' என்று கேட்பது ஆசிரியரின் கேள்வி. செய்தித் தொடர்புப் பிரிவில் இருந்து காலை இழந்தவருக்குக் கூர்ந்து கேட்கும் காதும், நுண்ணிய வேலைக்குப் பழகிய விரல்களும் எஞ்சி நிற்கின்றன. மின்னணுக் கருவி பழுது பார்ப்பது அவருக்கு எளிதில் வரும். வண்டியோட்டி, ஒரு கையை இழந்தாலும், இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே அதன் குறையைச் சொல்லக் கூடும். பணிமனை மேற்பார்வைக்கு அவர் தகுதியுடையவர். பண்டசாலையில் பணிபுரிந்தவருக்குக் கணக்கியல் வெகு தூரத்தில் இல்லை. எல்லாரையும் ஒரே தறியில் அமர்த்துவது உதவியாகாது. அவரவர் விருப்பத்தைக் கேட்டு, முன்னரே கற்றதன் மேல் புதியதைக் கட்டுவதே உதவியாகும்.

கண்ணிழந்த வீரர்களின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். ஆர்தர் பியர்சன் என்பவர் இங்கிலாந்தில் பத்திரிகை நடத்தியவர். தாமே பார்வையை இழந்தவர். அவர் 1915ஆம் ஆண்டில் லண்டனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்னும் நிலையத்தை நிறுவி, போரில் கண்ணிழந்தோர்க்குப் பிரெயில் எழுத்தும் தட்டெழுத்தும் கைத்தொழிலும் கற்பித்தார். அங்கே பயின்றவர்களுள் ஒருவர் கிளூதா மெக்கென்சி. அவர் நியூசிலாந்து நாட்டவர். 1915இல் கலிப்போலிப் போரில் இரு கண்களையும் இழந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் இந்தியாவுக்கு வந்து, டேராடூனில் 1943இல் ஏற்பட்ட செயின்ட் டன்ஸ்டன்ஸ் நிலையத்தை நடத்தினார். பின்னர் யுனெஸ்கோவின் சார்பில் பிரெயில் எழுத்தை நாடுகளுக்கிடையே ஒழுங்குபடுத்தும் பணியிலும் முன்னின்றார். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாகப் பாரதி பிரெயில் முறை ஏற்கப்பட்டது. தமிழ்ப் பிரெயிலும் அதன்பாற்பட்டதே. டேராடூனில் வீரர்களுக்கென்று தொடங்கிய பணி, 1950 முதல் எல்லாப் பார்வையற்றோர்க்கும் பயிற்சியளிக்கும் அரசு நிலையமாக வளர்ந்தது. புண்பட்ட வீரருக்குச் செய்த உதவி அவரோடு நின்று விடாமல் நாட்டுக்கே பயனாகத் திரும்பி வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

நம் நாட்டு வீரர்கள் இருவரையும் இங்கே நினைக்கிறேன். முரளிகாந்த் பேட்கர் 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். அவர் நீச்சல் பழகி, 1972இல் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இயான் கார்டோசோ 1971ஆம் ஆண்டுப் போரில் கண்ணிவெடியால் ஒரு காலை இழந்தார். செயற்கைக் காலுடனேயே தகுதித் தேர்வுகளில் தேறி, ஒரு பட்டாலியனுக்கும் பின்னர் ஒரு பிரிகேடுக்கும் தலைமை தாங்கி, மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். ஓய்வுக்குப் பின் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் தலைவராகவும் பணியாற்றினார். இவர்களைப் போற்றுவோம். ஆனால் பதக்கம் பெறுவோர் சிலரே. எஞ்சிய பலருக்கும் வேண்டுவது பதக்கமன்று. ஒரு மேசையும், ஒரு வேலையும், மாதச் சம்பளமும், சக ஊழியரின் இயல்பான மரியாதையுமே.

அதற்குச் சட்டம் வழி செய்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுடையோர்க்கு, அரசு உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களையும், அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களையும் ஒதுக்குகிறது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் 'சி' பிரிவில் 14.5 விழுக்காடும், 'டி' பிரிவில் 24.5 விழுக்காடும் முன்னாள் படைவீரர்க்கு உரியவை. இவற்றுள் 4.5 விழுக்காடு ஊனமுற்ற வீரர்க்கும், போரில் உயிர் நீத்தாரின் குடும்பத்தார்க்கும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. வகுப்பறைக்குச் செல்ல இயலாதவர், 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியே வீட்டிலிருந்தே பட்டம் பெறலாம். எழுத இயலாதவர், தேர்வில் தாம் சொல்வதை எழுத ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரமும் பெறலாம்.

அப்படியாயின் குறை எங்கே? கடைசிப் படியில்தான். அரசு கால் கொடுக்கலாம், கல்வி கொடுக்கலாம், சட்டம் ஒதுக்கீடு கொடுக்கலாம். வேலைக்கு வந்து நிற்பவரைக் கண்டு, 'பாவம்' என்று சொல்லி ஏதேனும் ஒரு மூலையில் உட்கார வைக்கும் மனத்தை எந்தச் சட்டத்தாலும் மாற்ற முடியாது. இரக்கம் நல்லதே. எனினும் ஒருவரை எந்த வேலையும் கேட்காமல் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது அவருடைய இரண்டாவது காயத்தை மீண்டும் கீறுவதாகும். அவர் நடந்து செல்ல ஒரு சாய்தளம் அமையுங்கள். பிறகு மற்றவரிடம் கேட்கும் வேலையை அவரிடமும் கேளுங்கள். அவர் விரும்புவது அதுவே.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இதில் தனிக் கடமை உண்டு. தமிழ்நாட்டைச் சேர்ந்த வீரரும் சிகிச்சைக்காகப் புனேக்கோ, பயிற்சிக்காக வடக்கே வேறோர் ஊருக்கோ செல்ல நேரும். அவருக்குப் படைமுகாம் இந்தி தெரியும். பயிற்சிப் பாடம் எழுதியுள்ள இந்தியும் ஆங்கிலமும் கடினமாக இருக்கக் கூடும். உங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஓர் ஆசிரியர் இருப்பார். ஒரு கணக்கர் இருப்பார். தொழிற்சாலை அதிகாரி இருப்பார். வாரத்தில் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். விண்ணப்பத்தை நிரப்ப உதவலாம். தேர்வில் அவர் சொல்ல எழுதலாம். தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று அறியப்படுவதே வடமாநிலங்களில் ஜில்லா சைனிக் போர்டு எனப்படுகிறது என்று வழிகாட்டலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, உங்கள் அலுவலகத்தில் ஓரிடம் காலியாகும்போது அச்செய்தியை அவருக்கு அறிவிக்கலாம். இவை எவற்றிற்கும் பொருட்செலவு இல்லை.

வீரரின் மொழி எதுவாயினும் இக்கடமை ஒன்றே. அண்டை வீட்டிலிருக்கும் வீரர் மராத்தியராகவோ சீக்கியராகவோ இருக்கலாம். அவர் காத்த எல்லைக்குள்தான் நாமும் வாழ்கிறோம். நடுகல் எழுப்புவது நன்றியின் ஒரு வடிவம். உயிரோடு திரும்பியவருக்கு ஒரு நூலும் ஒரு தொழிலும் கையில் கொடுப்பது அதனினும் கடினமான வடிவம். அதைச் செய்யும் வாய்ப்பு நம் ஒவ்வொருவர் வாசலிலும் இருக்கிறது.