நாளுக்குப் பத்துச் சுற்று



2020 மார்ச் 24 நள்ளிரவு முதல் நாடெங்கும் கொரோனா ஊரடங்கு. பூங்காவைப் பூட்டினார்கள், ஜிம்மைப் பூட்டினார்கள். மெரினாவுக்குள் மக்களை மறுபடி விட டிசம்பர் 14 ஆகிவிட்டது. முதல் வாரம் கைப்பேசியில் பயிற்சி வீடியோ போட்டு, கூடத்தில் குதிகுதியென்று குதித்தோம். மூன்றாவது வாரம் அதே கைப்பேசியைப் படுத்தபடியே பார்த்தோம். பிறகு, "எனக்குத்தான் சோம்பேறித்தனம்" என்று நம்மை நாமே திட்டிக்கொண்டோம்.

அந்தத் திட்டு நியாயமில்லை என்பது என் கட்சி. காலை ஐந்தரைக்கு நம்மை எழுப்பியது உடம்பின் மேலுள்ள அக்கறை மட்டுமா? பூங்கா வாசலில் ஒருவர் நிற்பார். ஒருநாள் போகாவிட்டால், "என்ன சார், நேத்து ஆளையே காணோம்?" என்பார். நடை முடிந்தால் ஒரு டீ, அரை மணி நேர அரசியல். அப்புறம் ஆபீஸுக்கு ஓட வேண்டும், அதனால் நேரத்தைத் தள்ளவும் முடியாது. ஊரடங்கு அந்த வாசலையும் அந்த ஆளையும் அந்த அவசரத்தையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது வெறும் வைராக்கியம். அது எத்தனை நாள் தாங்கும்?

இங்கிலாந்தில் டாம் மூர் என்று ஒரு பெரியவர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்த ராணுவ வீரர். இடுப்பெலும்பு முறிந்து, வாக்கரைப் பிடித்துத்தான் நடந்தார். 2020 ஏப்ரல் 30 அன்று அவருக்கு நூறு வயது. அதற்குள் வீட்டுத் தோட்டத்தை நூறு சுற்றுச் சுற்றி, அங்குள்ள அரசு மருத்துவ சேவைக்காக 1,000 பவுண்டு திரட்டுவதென்று முடிவு செய்தார். நாளுக்குப் பத்துச் சுற்று. ஏப்ரல் 16 அன்றே நூறும் முடிந்தது. நிதியோ 3 கோடி பவுண்டைத் தாண்டியது.

பணம் இருக்கட்டும், அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். ஒரு சுற்று 25 மீட்டர் என்றால், பத்துச் சுற்று 250 மீட்டர். நம் தெருமுனைக் கடைக்குப் போய்வரும் தூரம். முடிக்க ஒரு தேதி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்க வீட்டார் இருந்தார்கள், பிறகு ஊரே பார்த்தது. அதே சமயம் பிரான்ஸில் ஒருவர் ஏழு மீட்டர் பால்கனியிலேயே முழு மாரத்தான் தூரத்தையும் ஓடினார். கைதட்டலாம். மறுநாள் காலை நாம் செய்ய அதில் என்ன இருக்கிறது?

நம்மூரில் கைகொடுத்தது மொட்டை மாடி. சிலர் சாக்பீஸால் எட்டு வரைந்து அதன் மேல் நடந்தார்கள். எட்டு நடைக்குச் சொல்லப்படும் மருத்துவப் பெருமைகளுக்கு நான் ஜாமீன் நிற்க மாட்டேன். ஆனால் "இடமில்லை" என்ற சாக்குக்கு அது முடிவு கட்டியது. எதிர் மாடியில் ஒருவர் நடக்க ஆரம்பித்தால் இன்னும் விசேஷம். இருவரும் கையசைத்துக்கொண்டால் போதும், பூங்கா வாசல் ஆள் திரும்பக் கிடைத்துவிட்டார். வெளியூரில் இருக்கும் மகளோடு தினமும் பேசுகிறவர்கள், அந்த அழைப்பையே நடை நேரமாக வைத்துக்கொள்ளலாம். அவள் அங்கே நடக்க, நீங்கள் இங்கே நடக்க.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் அப்போது எடுத்துவிட்டார்கள். குக்கர் விசில் வருவதற்குள் மாடிப்படி ஏறி இறங்கினாலும் சேர்த்தி.

காய்ச்சல் அடிக்கும்போது மட்டும் இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். அன்று ஓய்வுதான். தொற்றிலிருந்து எழுந்தவர்கள் பழைய வேகத்துக்கு ஒரே தாவலில் போகக் கூடாது, மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, படபடத்தாலோ, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். சுற்று பாக்கி இருந்தால் இருக்கட்டும்.