ஒப்பந்தமே!



நாடு விட்டு நாடு எரிவாயுக் குழாய் போடும்போது முதலில் வேண்டியது நட்பா, ஒப்பந்தமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா, "மனசு ஒத்துப்போனா காகிதம் எதுக்கு?"ன்னு கேட்டாங்க. கேட்க இனிமையாத்தான் இருந்தது. ஏம்மா, சம்பந்தி வீட்டோட மனசு ஒத்துத்தானே பேசி முடிச்சீங்க? அப்புறம் எதுக்கு நிச்சயதார்த்தத்தில் பெரியவங்க முன்னாடி பத்திரிகை எழுதி, வாசிச்சு, தட்டு மாத்தினீங்க? (சிரிப்பு)

கப்பலில் போற சரக்கை ஒரு துறைமுகத்தில் வேண்டாம்னா இன்னொரு துறைமுகத்துக்குத் திருப்பலாம். குழாயைத் திருப்ப முடியுமா? மண்ணுக்குள்ளே புதைச்சாச்சே! விற்கிறது ஒரு நாடு, வாங்குறது ஒரு நாடு, நடுவில் வழிவிடுறது ஒரு நாடு. சூட்சுமமே அந்த நடு நாட்டில்தான் இருக்கு. எத்தனை வருஷம் வழிவிடுவார், அதுக்கு வாடகை என்ன, எல்லையில் அளக்கிற மீட்டர் யார் பொறுப்பு, தகராறு வந்தா எந்த ஊர் பஞ்சாயத்து... இதெல்லாம் முதல் குழாயை இறக்குறதுக்கு முன்னாடியே எழுதியாகணும்.

ரஷ்யாவையும் உக்ரைனையும் பாருங்க. 2008 டிசம்பர் 31-ஆம் தேதி அவங்களோட விற்பனை ஒப்பந்தம் முடிஞ்சது. புது விலை எழுதப்படலை. 2009 ஜனவரியில், உக்ரைன் வழியா ஐரோப்பாவுக்குப் போன வாயு ஏறக்குறைய இரண்டு வாரம் நின்னே போச்சு. அப்போ அவங்களுக்குள்ளே போர் கிடையாது. ஆனா பல்கேரியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் குடும்பம் குடும்பமா நடு மார்கழிக் குளிர்ல மாட்டிக்கிட்டாங்க. சண்டை ரெண்டு வீட்டுக்கு. நடுங்கினது மூணாவது வீடு!

அடுத்து 2019 டிசம்பர். ஸ்டாக்ஹோம் நடுவர் மன்றம் சொன்ன தீர்ப்புப்படி ரஷ்யாவின் காஸ்ப்ரோம் 290 கோடி டாலரை உக்ரைனுக்குக் கட்டியது. அதே மாதம் ஐந்து வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் எழுதினாங்க. முதல் வருஷம் 6,500 கோடி கன மீட்டர், அப்புறம் வருஷத்துக்கு 4,000 கோடி. அனுப்பினாலும் அனுப்பாட்டியும் வாடகை உண்டு. 2022 பிப்ரவரியில் போரே வந்துடுச்சு. குண்டு ஒரு பக்கம் விழுது, அந்தக் குண்டு போடுற நாட்டோட வாயு இன்னொரு பக்கம் உக்ரைன் மண்ணுக்கு அடியில் ஓடுது! அளவு குறைஞ்சது, வாடகை பாக்கின்னு வழக்கும் வந்தது. ஆனா ஓட்டம் நிக்கலை. 2024 ஆகஸ்டில் எல்லையிலுள்ள சூட்ஜா மீட்டர் நிலையத்தைச் சுத்தியே சண்டை நடந்தது, அப்பவும் நிக்கலை. எப்போ நின்னது? 2025 ஜனவரி 1. ஒப்பந்தத் தேதி முடிஞ்ச மறுநாள்! (கைதட்டல்) இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் நட்பு இருந்ததுன்னு எதிரணி நிரூபிச்சா, நான் இப்பவே அந்தப் பக்கம் வந்து உட்கார்றேன்.

அல்ஜீரியா வாயு 1996-லிருந்து மொராக்கோ வழியா ஸ்பெயினுக்குப் போனது. 2021 ஆகஸ்டில் அல்ஜீரியா மொராக்கோவோட தூதரக உறவையே முறிச்சுக்கிச்சு. குழாய் மட்டும் அக்டோபர் 31 வரைக்கும் ஓடிச்சு. அன்னைக்குத்தான் ஒப்பந்தம் முடியுது.

"கடலுக்கடியில் நார்ட் ஸ்ட்ரீம் குழாயை 2022 செப்டம்பரில் வெடிச்சாங்களே, காகிதம் காப்பாத்திச்சா?"ன்னு அய்யா கேட்டார். காப்பாத்தலை, ஒத்துக்கிறேன். வெடிகுண்டுக்கு முன்னாடி காகிதம் நிக்காது. நட்பு நிக்குமா, அதைச் சொல்லலையே அய்யா?

நம்ம கதைக்கு வருவோம். துர்க்மெனிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியா பஞ்சாபில் ஃபாசில்கா வரைக்கும் சுமார் 1,800 கிலோமீட்டர் குழாய். 2015 டிசம்பரில் மாரி நகரத்துப் பக்கம் நாலு நாட்டுத் தலைவர்களும் சேர்ந்து வேலையைத் தொடங்கி வச்சாங்க. நம்ம துணைக் குடியரசுத் தலைவர் ஹமீத் அன்சாரியும் அங்கே இருந்தார். "கையெழுத்தும் இருந்ததே"ன்னு கேட்பீங்க. இருந்தது, விற்கவும் வாங்கவும் 2012-லேயே போட்டாச்சு. நடுவழியில் குழாய்க்கு ஏதாவது ஆனா நஷ்டம் யாருக்கு? அந்த இடம் கெட்டியாகலை, அதனால வேண்டிய கடனும் சேரலை. நாலு பேரும் நிற்கிற படம் இருக்கு, ஃபாசில்காவுக்கு வாயு வரலை. அந்தப் படத்தை அம்மாவே வச்சுக்கட்டும், அடுப்பு பத்த வைக்க உதவுமான்னு பார்க்கட்டும். (சிரிப்பு)

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே. இதோ உட்கார்றேன்.