ஒரு லைன் விலகினால்...



2012 ஜூலை 31. பினா–குவாலியர் லைன் 'ட்ரிப்' ஆனது. அதன் சுமை மற்ற லைன்கள்மேல் ஏறி, அவையும் அடுத்தடுத்து விழுந்தன. சுமார் 60 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை, ரயில்கள் நின்றன. தெற்கு கிரிட் தனியாக இருந்ததால் தப்பியது. ஆனால் அதே தனிமையால்தான், வடக்கிலிருந்து போதுமான மின்சாரம் வாங்க முடியாமல் நாம் பவர்கட்டில் தவித்தோம். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் நம்மை இணைத்தது.

மின்வாரியத்தில் இதையெல்லாம் பேசிய நான், வீட்டில் மட்டும் "வேலை அதிகம்மா"ன்னு விலகியே இருந்தேன். படுக்கையில் கிடந்த அம்மாவைத் தங்கை ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். ஒருநாள் அவளே மயங்கி விழுந்தாள். அப்போதுதான் உறைத்தது: நான் இறக்கி வைத்த சுமை எங்கேயும் போகலை, அவள் தலையில்தான் ஏறியிருந்தது.

உங்கள் பங்கை வீட்டில் யார் சுமக்கிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள்.